முதுமாணி விளம்பரங்களில் மட்டத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

ஞாயிறு பதிப்புகளில் பட்டப்பின் கற்கைநெறி விளம்பரங்கள் நிறையவே வருகின்றன. முடிவுத் திகதி, கட்டணம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் தடித்த எழுத்தில் இருக்கும். அந்தப் படிப்பு எத்தனை கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), தகைமைகளை 12 மட்டங்களாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம் என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிலவற்றில் அது இருக்கவே இராது. மேலே படிப்பதா விடுவதா என்று யோசிக்கும் வன்னிப் பட்டதாரி முதலில் வழுக்குகிற இடம் இதுதான். விளம்பரம் தரும் நிறுவனங்களிடம் இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி அச்சிடுமாறு தங்களிடம் கேட்டுக்கொள்கிறோம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பல்கலைக்கழகங்கள் எஸ்.எல்.கியூ.எஃப். என்று சுருக்கிச் சொல்லும் அந்தச் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பட்டப்பின் சான்றிதழ் 7, பட்டப்பின் டிப்ளோமா 8. அதற்கு மேலே முதுமாணி (மாஸ்டர்ஸ்) என்ற ஒரே பெயரில் இரண்டு மட்டங்கள் உள்ளன. 30 கிரெடிட்டுக்குப் பாடங்களைப் படித்துப் பரீட்சை எழுதி முடிப்பது 9. 60 கிரெடிட் எடுத்து, அதில் குறைந்தது 15 கிரெடிட்டை ஆய்வாகச் செய்து முடிப்பது 10. முதுதத்துவமாணி (எம்.பில்.) 11, கலாநிதி 12. பட்டமளிப்பு மேடையில் 9க்கும் 10க்கும் வித்தியாசம் தெரியாது. விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பம் போடும்போதும், கலாநிதிப் பட்டத்துக்குப் பதியப் போகும்போதும் தெரியும். பல்கலைக்கழக ஆட்சேர்ப்புத் திட்டம் எதிர்பார்ப்பது இரண்டு கல்வியாண்டுக் காலமும் ஆய்வேடும் கொண்ட முதுமாணியை. 9ஆம் மட்டத்தை முடித்துவிட்டு அங்கே போய் நிற்பவருக்கு, கட்டிய காசும் போன வருடங்களும் திரும்பி வராது.

9ஆம் மட்டம் கூடாது என்று சொல்ல வரவில்லை. வேலையில் இருந்துகொண்டு துறையறிவைப் புதுப்பிக்க நினைப்பவருக்கு அது போதும், சிலருக்கு அதுதான் பொருத்தம். எதற்கு என்று தெரிந்துகொண்டு பதிய வேண்டும், அவ்வளவுதான்.

நேரத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் எல்லாம் சேர்ந்து 50 மணித்தியால வேலை. 30 கிரெடிட்டுக்கு 1,500 மணித்தியாலம். ஒரு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்கு ஏறக்குறைய 29 மணித்தியாலம். 60 கிரெடிட்டை இரண்டு வருடத்தில் முடித்தாலும் அதே 29தான். விரிவுரைக்குக் கிரெடிட் ஒன்றுக்கு 15 மணித்தியாலம் என்று வைத்தால், 15 கிழமை கொண்ட இரண்டு அரையாண்டில் சனியும் ஞாயிறும் முழு நாளும் போய்விடும். மிச்ச நேரம் கிழமை நாள்களில் இரவில்தான் கிடைக்க வேண்டும். முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணம் போய்ப் படிப்பவர் சனி விடியமுன் பஸ் ஏற வேண்டும், பயணத்தில் போகும் நேரம் இந்த 29க்குள் அடங்காது. பேராதனைக்குப் போகிறவருக்கு வவுனியாவில் இருந்தே ஏறக்குறைய 180 கிலோமீற்றர். புதுக்குடியிருப்பு, துணுக்காய்ப் பக்கத்தவர் அதற்கு முதல் வவுனியா வந்து சேர வேண்டும். கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதிகிறவர்கள் பஸ் காசு, ஒரு இரவு தங்குமிடம், கடைச் சாப்பாடு மூன்றையும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு அதைக் கூட்டிப் பார்த்தால் சில பாடநெறிகளின் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

கட்டணம் என்று விளம்பரத்தில் காட்டுவதும் முழுத் தொகை அல்ல. விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், நூலக வைப்பு, பரீட்சைக் கட்டணம், ஆய்வேட்டைப் பரீட்சிப்பதற்கான கட்டணம், உரிய காலத்தில் முடிக்காவிட்டால் கால நீடிப்புக் கட்டணம் என்று வேறு வேறாக வரும். கடைசியில் சொன்னதுதான் வதைக்கும்.

எந்தக் கதவைத் திறக்கப் படிக்கிறோம் என்பதற்கு வருவோம். வன்னியில் எந்தப் பிரதேச செயலகத்துக்குள் நுழைந்தாலும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள். மாஸ்டர்ஸ் முடித்தால் பதவியும் சம்பளமும் தானாக ஏறும் என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். அரச சேவை ஒவ்வொன்றுக்கும் வர்த்தமானியில் வந்த சேவைப் பிரமாணக் குறிப்பு ஒன்று உண்டு. எந்தத் தரத்துக்கு எந்தத் தகைமை, எத்தனை வருட சேவை, தரம் உயர முன் எந்த வினைத்திறன்காண் தடைப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்று அதில் வரிக்கு வரி இருக்கும். முதுமாணி என்று அதில் எழுதியிருந்தால் பலன் உண்டு, எழுதியிராவிட்டால் இல்லை. அலுவலகத்தின் தாபனக் கிளையில் கேட்டால் அந்தக் குறிப்பைக் காட்டுவார்கள். ஒரு காலைப் பொழுது போதும். வினைத்திறன்காண் தடையைத் தாண்டாமல் வைத்துக்கொண்டு முதுமாணிக்குப் பதிவது முறை மாறிய வேலை.

ஆசிரியர்களுக்கு இன்னும் தெளிவு. பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் வேண்டியது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் திறந்த பல்கலைக்கழகமும் தேசிய கல்வி நிறுவகமும் அதை நடத்துகின்றன. சேவையில் முன்னேறவும், பிறகு கல்வி முதுமாணிக்குப் போகவும் அது அடித்தளம். அதைச் செய்யாமல் விலங்கியலிலோ தமிழிலோ முதுமாணி செய்யும் ஆசிரியர், வகுப்பறைக்கு நல்லது செய்கிறார், தன் கோப்புக்கு அல்ல. இரண்டையும் செய்ய வசதி உள்ளவர் டிப்ளோமாவை முந்த விடட்டும்.

முகாமைத்துவப் பட்டதாரி, பட்டயக் கணக்காளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வியாபார நிர்வாக முதுமாணிக்குத் தாவுவதையும் பார்க்கிறோம். தனியார் கம்பனிகளின் கணக்குப் பிரிவில் முன்னையதற்குத்தான் மதிப்பு. பொறியியலாளர் உள்நாட்டிலேயே தொழில் செய்வதென்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் பட்டயத் தகைமையை முதலில் பார்க்கலாம். மருத்துவர்களுக்குப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பாதை தனியானது, அவர்களுக்கு எங்கள் புத்திமதி தேவையில்லை.

“வேலை ஒண்டும் சரிவரேல்லை, சும்மா இருக்கிறதுக்கு மாஸ்டர்ஸைச் செய்வம்” என்ற பேச்சைத்தான் இன்று அதிகம் கேட்கிறோம். பட்டதாரிகளை அரசு மொத்தமாக உள்வாங்கிய வேளைகளில் பார்க்கப்பட்டவை பட்டம் பெற்ற திகதியும் வயதும். மேலதிகப் பட்டம் அந்த வரிசையில் ஒருவரை முன்னே தள்ளவில்லை. நிர்வாக சேவை, கல்வி நிர்வாக சேவை, கணக்காளர் சேவை ஆகியவற்றின் திறந்த போட்டிப் பரீட்சைகளுக்கு வயதெல்லை உண்டு. இருபதுகளின் நடுவில் உள்ளவர் அந்தப் பரீட்சைகளுக்குப் படிக்க வேண்டிய இரண்டு வருடத்தை ஒப்படை எழுதிக் கழித்தால், முதுமாணியை 40 வயதிலும் செய்யலாம், அந்தப் பரீட்சையை எழுத முடியாது. வேலையில்லாத காலத்தில் படிப்பதற்கு நியாயம் உண்டு, அது முழுநேர ஆய்வு முதுமாணியாகவோ உதவித்தொகை தரும் படிப்பாகவோ இருந்தால். கடன்பட்டு வார இறுதி முதுமாணி செய்வதற்கு நியாயம் காண்பது கஷ்டம்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் வீட்டில் எழும் கதை வேறு. “இன்னும் படிச்சால் மாப்பிள்ளை எடுக்கேலாது” என்பார்கள். படித்த பெண்ணுக்கு ஏற்ற சம்பந்தம் வராது என்ற பயத்தை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் 29 மணித்தியாலக் கணக்கை அந்த வீட்டார் முன்னிலையிலேயே போட்டுக் காட்ட வேண்டும். சமையலும் பிள்ளையும் யார் பொறுப்பு என்று பேசி முடிக்காமல் பதிந்தவர்கள் இரண்டாம் அரையாண்டில் நின்றுவிடுகிறார்கள்.

அதிகம் பேர் இடறுவது ஆய்வேட்டில். பாடங்களை எல்லாம் முடித்துவிட்டு ஆய்வேட்டை எழுதாமல் டிப்ளோமாவோடு வெளியேறுகிறவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். ஆற்றல் இல்லாமல் அல்ல. ஆய்வு வேலையின் நாட்காட்டி வேறு, பாடநெறியின் நாட்காட்டி வேறு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வேளாண்மையை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது, பேராதனையில் 1975 தொடக்கம் பட்டப்பின் விவசாய நிறுவகம் இருக்கிறது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே நெல்லில் பரிசோதனை செய்ய நினைப்பவர், காலபோக விதைப்பு ஒக்டோபரில் என்றால் ஓகஸ்டுக்கு முன் முன்மொழிவுக்கு ஒப்புதல் எடுத்திருக்க வேண்டும். வயற்காரரோடு இடம் பேச வேண்டும், விதைநெல் தேட வேண்டும், மண் மாதிரி எடுத்துப் பசளை போட முன் பகுப்பாய்வுக்குக் கொடுக்க வேண்டும். ஒப்புதல் நவம்பரில் வந்தால் அந்தப் போகம் போய்விட்டது. சிறுபோகத்தில் செய்வோம் என்றால், குளத்தில் இருக்கும் நீரைப் பொறுத்தே எவ்வளவு ஏக்கருக்கு அனுமதி என்று தீர்மானிக்கிறார்கள், உங்கள் வயல் அதற்குள் வருமோ தெரியாது. இரண்டு போகத் தரவு இல்லாமல் நல்ல சஞ்சிகை ஒன்றும் கட்டுரையை ஏற்காது. ஒரு மாதப் பிந்தல் ஒரு வருடப் பிந்தலாக மாறுவது இப்படித்தான்.

நீர் ஆய்வும் வன்னியில் பலருக்கு விருப்பமான தலைப்பு. வவுனியாவில் சிறுநீரக நோய் பேசப்படும் கிராமங்களின் கிணற்று நீரை ஆராயப் போகிறவர், ஆய்வுகூடம் எங்கே என்பதை வைத்துத்தான் எதை அளப்பது என்று தீர்மானிக்க வேண்டும். நைத்திரேற்று மாதிரியை 4 பாகை செல்சியசில் குளிரூட்டி 48 மணித்தியாலத்துக்குள் அளக்க வேண்டும். நெடுங்கேணியில் வெள்ளி பின்னேரம் எடுத்த போத்தல் திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்குப் போனால் அந்த எண்ணுக்குப் பெறுமதி இல்லை. புளோரைட் அப்படி இல்லை, பிளாஸ்ரிக் போத்தலில் 28 நாள் தாங்கும். கண்ணாடிப் போத்தல் ஆகாது. பார உலோகங்களுக்கு நைத்திரிக் அமிலம் விட்டு பி.எச். பெறுமானத்தை 2க்குக் கீழே கொண்டுவந்தால் ஆறு மாதம் வரை வைக்கலாம். மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எடுக்காவிட்டால் பரீட்சகர் முதற்கேள்வியிலேயே பிடித்துவிடுவார். மாதிரி ஒன்றுக்குப் பகுப்பாய்வுக் கட்டணம் என்ன என்று ஆய்வுகூடத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, கிணறுகளின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு தீர்மானியுங்கள். நூறு கிணறு என்று முன்மொழிவில் எழுதிவிட்டு இருபதோடு நிற்பது முறைமையியலையே உடைத்துவிடும்.

சமூக விஞ்ஞான, கல்வித் துறையினருக்கு வேறு சிக்கல். பாடசாலையில் தரவு எடுக்க மாகாணக் கல்வித் திணைக்களம், வலயம், அதிபர் என்று அனுமதி மூன்று படி. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளும் பரீட்சைக் காலங்களும் கழிந்தால் மிஞ்சும் கிழமைகள் கொஞ்சம். போரில் பாதிக்கப்பட்டவர்களைச் செவ்வி காண்பதென்றால் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் ஒப்புதல் கட்டாயம், தரவு எடுத்த பிறகு அதைக் கேட்க முடியாது. இங்கே ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: 2009க்குப் பிறகு பெண் தலைமைக் குடும்பங்கள் கேள்விக்கொத்துகளுக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டன. அதே குடும்பங்களை அதே கேள்விகளோடு திரும்பவும் தட்டி எழுப்பும் ஆய்வேடு எளிதாகத் தெரியும், பரீட்சகருக்கும் புதிதாக ஒன்றும் தராது. சங்கங்களின் கணக்குப் புத்தகங்கள், குள நீர்மட்டப் பதிவுகள், பிரதேச செயலகப் புள்ளிவிபரங்கள் எல்லாம் ஆராய ஆளில்லாமல் கிடக்கின்றன.

ஆய்வு மேற்பார்வையாளரைப் பாடநெறிக்குப் பதிந்த பிறகு தேடுவது இன்னொரு வழமையான கோளாறு. நாங்கள் கிணறு வெட்டமுன் நீரோட்டம் பார்க்கிற ஆட்கள், இதிலும் அப்படித்தான். விண்ணப்பிக்க முன் அவருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன கேள்வி, எங்கே தரவு, எத்தனை மாதம். அவர் அடுத்த வருடம் வெளிநாட்டு விடுப்பில் போகிறாரா, இப்போது கையில் எத்தனை மாணவர் என்று நேரே கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

வெளிநாட்டுக் கனவுக்கு வருகிறோம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முகவர் நிலையங்கள் கூடியிருக்கின்றன. பல முகவர்களுக்குப் பல்கலைக்கழகமே தரகு கொடுக்கிறது, ஆகவே தரகு தராத பல்கலைக்கழகத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஜேர்மனியின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தற் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே வைப்பிட்டு, மாதாமாதம் குறித்த அளவே எடுக்கக்கூடிய கணக்கு) ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும், 2024 செப்டெம்பரில் இருந்து அது 11,904 யூரோ. பிரித்தானியாவில் பாடநெறி முதுமாணி படிப்பவர் 2024 ஜனவரியில் இருந்து வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் தங்கியிருப்போராக அழைத்துச் செல்ல முடியாது. இதை மறைத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

அந்தக் காசை எங்கே எடுப்பது என்பதுதான் வன்னியின் சிக்கல். எங்கள் காணிகளில் பெரும்பகுதி அனுமதிப்பத்திரக் காணி. வங்கி அதைப் பிணையாக ஏற்பது அரிது. ஆகவே நகை அடகுக்கும் வட்டிக்காரரிடமும்தான் குடும்பங்கள் போகின்றன. முதுமாணிக்காக அந்தக் கடனுக்குள் இறங்கும் முன், உதவித்தொகைகளை ஒரு சுற்றாவது முயன்று பார்க்க வேண்டும். இந்திய அரசின் மௌலானா ஆசாத் திட்டம் இலங்கையருக்கு முதுமாணிக்கென்றே உள்ளது, இந்தியத் தூதரகம் அறிவிக்கும். பிரித்தானியாவின் செவனிங்கிற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், முடித்துத் திரும்பி இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். ஜப்பானின் மெக்ஸ்ட், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், அவுஸ்திரேலிய விருதுகள் எல்லாம் வருடாவருடம் திறப்பவை. விஞ்ஞான, பொறியியல் துறைகளில் கலாநிதிப் படிப்புக்குச் சொந்தக் காசு கட்டுவதை நாங்கள் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். அங்கே பேராசிரியரின் ஆய்வு நிதியில் இருந்து மாணவருக்குக் கொடுப்பனவு தருவதுதான் வழமை.

ஆவணங்களில் சிக்குவது எழுத்துக்கூட்டல். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் முதலெழுத்தோடு வேறு, பட்டச் சான்றிதழில் ஆங்கில எழுத்து மாறி இன்னொன்று. இடப்பெயர்வில் மூலப் பிரதிகள் தொலைந்து, பிறகு எடுத்த பிரதிகளில் பிழை ஏறியவர்கள் வன்னியில் ஏராளம். கடவுச்சீட்டு எடுக்க வவுனியா அலுவலகத்துக்குப் போக முன்னரே இதைத் திருத்துங்கள், பிறகு திருத்தினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டி வரும். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சிப்படுத்தலுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில் பிராந்தியக் கொன்சூலர் அலுவலகம் இருக்கிறது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலமொழிப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். இடம் தேட முன் அதை எழுதிவிட்டு, இடம் கிடைக்கும்போது காலாவதியாகி நிற்பவர்கள் உண்டு.

அரச உத்தியோகத்தர் கற்கை விடுப்பில் போவதென்றால் பிணைமுறியில் கையெழுத்திட வேண்டும். முடித்து வந்து குறித்த காலம் சேவை செய்யாவிட்டால் பெற்ற சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், பிணை நின்ற சக உத்தியோகத்தரிடமும் அறவிடுவார்கள். வெளிநாட்டிலேயே நின்றுவிடும் எண்ணம் உள்ளவர் நண்பரைப் பிணைக்குக் கேட்காமல் இருப்பது நல்லது.

கடைசியாகப் பல்கலைக்கழகங்களிடம் ஒரு கோரிக்கை. பம்பைமடுவில் 2021 தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமாக வவுனியாப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வார இறுதியில் அந்த விரிவுரை மண்டபங்கள் எல்லாம் நிரம்பி வழிவதில்லை. யாழ்ப்பாணத்தில் நடக்கும் முதுமாணி, கல்வி டிப்ளோமாப் பாடநெறிகளின் விரிவுரைகளில் ஒரு பகுதியையாவது அங்கே நடத்தினால் முல்லைத்தீவு, மாங்குளம், நெடுங்கேணி ஆசிரியர்களின் பயணம் பாதியாகும். ஒவ்வொரு பீடமும் வரும் வருடத்துக்கு மாணவர் எடுக்கத் தயாராக உள்ள மேற்பார்வையாளர்களையும் அவர்களின் துறைகளையும் விண்ணப்பக் காலத்துக்கு முன் வெளியிட வேண்டும். விண்ணப்பிக்க இருப்பவர்களும் வாய்ப்பேச்சோடு நிற்காமல், ஒரு வலயத்தில் எத்தனை பேர் எந்தப் பாடநெறிக்கு ஆயத்தம் என்று பெயர், பாடசாலை, கையொப்பத்தோடு பட்டப்பின் கற்கைகள் பீடத்தின் பதிவாளருக்கு எழுத வேண்டும். வேறிடத்தில் வகுப்பு வைக்க மண்டபமும் விரிவுரையாளர் பயணச் செலவும் கட்டுப்படியாகுமா என்பதை அவர்கள் அந்தத் தலைகளை எண்ணித்தான் தீர்மானிப்பார்கள்.

இங்ஙனம்,
பட்டப்பின் கற்கை வழிகாட்டலில் ஈடுபட்டுள்ள விரிவுரையாளர்களும் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரிகளும் சிலர்,
வவுனியா – கிளிநொச்சி.